சோதனைக் குழாய்ச் சிகிச்சை: உள்ளே நடப்பது என்ன?

மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

கல்யாணமாகி ஆறு மாதம் கழிந்துவிட்டால் போதும். கோயில் வாசலில், பஸ் ஸ்டாண்டில், கம்பெனியில் டீ குடிக்கும் பத்து நிமிட இடைவேளையில்கூட, “விசேஷம் ஏதாச்சும் உண்டா?” என்ற கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. கேட்டவர் அடுத்த நிமிடமே அதை மறந்துவிடுவார். கேட்கப்பட்டவள் அன்றிரவு தூங்க மாட்டாள். இரண்டு வருடம், மூன்று வருடம் ஆனால் கேள்வி போய்த் தீர்ப்பு வருகிறது. அந்தத் தீர்ப்பும் பெரும்பாலும் பெண்ணின் பெயரிலேயே எழுதப்படுகிறது. ‘மலடி’ என்ற சொல் சண்டைகளில் தாராளமாகப் புழங்குகிறது. ‘மலடன்’ என்ற சொல்லும் அகராதியில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தெருச் சண்டையில் அதைக் கேட்டவர் அரிது.

நம் திருப்பூரில் எந்தச் சாலையில் போனாலும் குழந்தைப்பேறு மையங்களின் விளம்பரப் பலகைகளைக் காணலாம். பலகையில் சிரிக்கும் குழந்தை இருக்கிறது. அந்தக் குழந்தைக்கும் பலகையைப் பார்த்து நிற்கும் தம்பதிக்கும் இடையே என்னென்ன இருக்கின்றன என்பது மட்டும் எழுதப்படுவதில்லை. தவளையின் கருவளர்ச்சியையும் கோழிக் கருவையும் படம் வரைந்து பாகம் குறிக்கும் நாம், நம் அக்காவுக்கோ அண்ணிக்கோ நடக்கும் சிகிச்சையைப் பற்றிக் கேட்டால் விழிக்கிறோம். ஆகவே அதனைப் படிப்படியாகச் சொல்லிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘சோதனைக் குழாய்க் குழந்தை’ என்பது பத்திரிகைகள் வைத்த பெயர். உண்மையில் குழாயும் இல்லை, குழாயில் குழந்தை வளர்வதும் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் தட்டையான ஒரு கிண்ணத்தில் சினைமுட்டையும் விந்தணுவும் சேர்கின்றன. அங்கே அந்தக் கரு இருப்பது மூன்று முதல் ஐந்து, ஆறு நாட்கள்தான். மீதி ஒன்பது மாதமும் தாயின் கருப்பையில்தான்.

யாருக்கு இது தேவை?

கருத்தடை எதுவும் இல்லாமல் ஓராண்டு காலம் சேர்ந்து வாழ்ந்தும் கரு உண்டாகாவிட்டால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது பொது விதி. பெண்ணுக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும். உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்தக் குறையைச் சந்திக்கிறார். ஆகவே இது நம் தெருவில் ஒரு வீட்டுக்கு மட்டும் வந்த சாபமன்று.

பரிசோதனை என்றதும் பெண்ணை மட்டும் அழைத்துச் செல்லும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, கருக்குழாய் அடைப்பைப் பார்க்கும் எக்ஸ்ரே என்று அவள் மாதக்கணக்கில் அலைவாள். கணவன் வெளியே பைக்கில் உட்கார்ந்திருப்பான். ஏறத்தாழப் பாதித் தம்பதியரில் ஆண் பக்கத்திலும் குறை இருக்கிறது என்பது மருத்துவ உலகம் அறிந்த செய்தி. ஆணுக்குரிய முதற் பரிசோதனையோ மிக எளியது. ஊசி கிடையாது, வலி கிடையாது, செலவும் குறைவு. இரண்டு முதல் ஏழு நாட்கள் உறவு தவிர்த்து விந்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தால் போதும். இதை முதல் வாரத்திலேயே செய்யாமல் பெண்ணுக்கு ஒரு வருடம் மருந்து கொடுப்பது நியாயமுமன்று, விஞ்ஞானமுமன்று.

ஒரு முறை குறைவாக வந்துவிட்டால் உடனே இடிந்து போகவும் வேண்டாம். ஒரு விந்தணு உருவாகி வெளிவர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது. இரண்டு மாதத்திற்கு முன் வந்த கடும் காய்ச்சல் இன்றைய ரிப்போர்ட்டில் தெரியக்கூடும். விதைப்பை உடலுக்கு வெளியே தொங்குவதற்குக் காரணமே, அதற்கு உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி குறைவான வெப்பம் தேவைப்படுவதுதான். சாயப்பட்டறையில் பாய்லர் அருகிலும், ஸ்டெண்டர் இயந்திரத்தின் அருகிலும், அயர்ன் மேசையிலும் நாள் முழுதும் நிற்பவர்கள் தங்கள் வேலை இன்னதென்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். பீடி, சிகரெட், புகையிலைப் பழக்கத்தையும் மறைக்கக் கூடாது.

பரிசோதனை முடிந்தவுடன் எல்லாரையும் சோதனைக் குழாய்ச் சிகிச்சைக்கு அனுப்புவதில்லை. முட்டை ஒழுங்காக வெளிவராதவர்களுக்கு மாத்திரையே போதுமானதாயிருக்கும். சிலருக்கு விந்தைச் சுத்தம் செய்து கருப்பைக்குள் செலுத்தும் எளிய முறை பலனளிக்கும். கருக்குழாய் இரண்டும் அடைத்திருந்தாலோ, விந்தணு மிகக் குறைவாயிருந்தாலோ, மற்ற முறைகள் பலிக்காமற் போனாலோதான் பெரிய சிகிச்சை. முதல் நாளே அதைத்தான் செய்ய வேண்டும் என்று யாரேனும் சொன்னால், காரணம் என்னவென்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

வந்த வரலாறு

1978 ஜூலை 25இல் இங்கிலாந்தில் ஓல்டாம் நகரில் லூயிஸ் பிரவுன் என்ற பெண் குழந்தை பிறந்தது. அதற்குக் காரணமானவர்கள் டாக்டர் பாட்ரிக் ஸ்டெப்டோ, விஞ்ஞானி ராபர்ட் எட்வர்ட்ஸ், ஆய்வுக்கூடப் பணியாற்றிய ஜீன் பர்டி ஆகிய மூவர். எட்வர்ட்ஸுக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தபோது மற்ற இருவரும் உயிருடன் இல்லை.

அதற்குச் சரியாக 70 நாள் கழித்து, 1978 அக்டோபர் 3இல் கல்கத்தாவில் இரண்டாவது குழந்தை பிறந்தது. இதைச் செய்தவர் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. இங்கிலாந்துக்காரர்கள் இயற்கையாக முதிர்ந்த ஒரே முட்டையை எடுத்தார்கள். முகர்ஜியோ மருந்து கொடுத்துப் பல முட்டைகளை முதிரச் செய்தார். கருவை உறைய வைத்து, பின்னொரு மாதத்தில் கருப்பையில் வைத்தார். இன்று உலகெங்கும் அன்றாடம் நடப்பது இவ்வழியேயாகும். ஆனால் மேற்கு வங்க அரசு அமைத்த விசாரணைக் குழு அவரை நம்பவில்லை. வெளிநாடு சென்று தம் ஆய்வைச் சொல்லவும் அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில் சம்பந்தமே இல்லாத கண் மருத்துவ நிலையத்திற்கு மாற்றப்பட்டார். 1981 ஜூன் 19இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1986இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவுடன் சேர்ந்து ஒரு குழந்தை பிறக்கக் காரணமாயிருந்த விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமார், முகர்ஜியின் குறிப்புகளைப் படித்துப் பார்த்து, “முதலில் செய்தவர் அவரே” என்று 1997இல் வெளிப்படையாக அறிவித்தார். தமக்குக் கிடைத்த ‘முதல்வர்’ என்ற பெயரைத் தாமே எடுத்து இறந்தவருக்குக் கொடுத்த அந்தப் பெருந்தன்மையை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம். தமிழ்நாட்டில் 1990இல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜ் இத்துறையில் முதல் வெற்றி கண்டார்.

ஊசி நாட்கள்

இனிச் சிகிச்சைக்கு வருவோம். மாதவிலக்கு வந்த இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் ஸ்கேன் எடுத்து, அன்றே ஹார்மோன் ஊசி தொடங்குவார்கள். வயிற்றுத் தோலின் கீழே போடும் சிறிய ஊசி. தினம் ஒன்றாக 8 முதல் 12 நாட்கள் வரை. நர்ஸ் ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் தாமே போட்டுக்கொள்ளலாம். முதல் நாள் கை நடுங்கும், மூன்றாம் நாள் பழகிவிடும் என்று போட்டவர்கள் சொல்கிறார்கள்.

“இத்தனை முட்டையை ஒரே மாதத்தில் எடுத்துவிட்டால் பின்னால் ஒன்றும் இருக்காதே?” என்ற பயம் பலருக்கும் உண்டு. இது தேவையற்ற பயம். ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே 10 முதல் 20 இலட்சம் முட்டைகளுடன் பிறக்கிறது. வாழ்நாளில் முதிர்ந்து வெளிவருபவை 400 அளவில்தான். ஒவ்வொரு மாதமும் ஒரு கூட்டம் முட்டைகள் வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று முந்திக்கொள்ள, மற்றவை அழிந்துபோகும். ஊசி செய்வதெல்லாம், அந்த மாதம் எப்படியும் அழியப்போகும் முட்டைகளையும் சேர்த்து வளர்ப்பதுதான்.

இரண்டு மூன்று நாளுக்கொரு முறை ஸ்கேன் உண்டு. முட்டைப் பைகள் 17, 18 மில்லிமீட்டர் அளவை எட்டியதும் கடைசி ஊசி ஒன்று போடுவார்கள். இதில்தான் மணி தவறக் கூடாது. அந்த ஊசி போட்ட 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டையை எடுத்தாக வேண்டும். புதன்கிழமை காலை 9 மணிக்கு முட்டை எடுப்பதென்றால், ஊசி திங்கட்கிழமை இரவு 9 மணிக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். முன்னதாக எடுத்தால் முட்டை முதிர்ந்திராது. தாமதமானால் தானே வெளியேறி வயிற்றுக்குள் விழுந்துவிடும். ‘ஒன்றரை ஷிப்ட்’ பார்த்துவிட்டு எட்டரை மணிக்குக் கம்பெனி வேனில் ஏறும் ஒரு பெண்ணுக்கு இந்த மணிக்கணக்கு சாதாரண விஷயமன்று. தினசரி ஊசிக்கும் முதலிலேயே வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து டாக்டரிடம் சொல்லிக் குறித்துக்கொள்வது நல்லது. சில ஊசி மருந்துகளைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டியிருக்கும். லைன் வீட்டில் குடியிருப்போர் பக்கத்து வீட்டுப் பெட்டியில் வைத்தால் இரகசியம் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். தினமும் மருத்துவமனைக்கே போய்ப் போட்டுக்கொள்ள வழியுண்டா என்று கேட்கலாம்.

முட்டை எடுப்பது பெரிய ஆபரேஷன் அன்று. வெறும் வயிற்றில் வரச் சொல்வார்கள். சிறிது நேரம் மயக்க மருந்து. பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுப்பார்கள். அரை மணிக்குள் முடிந்துவிடும்; வயிற்றில் கத்தி படுவதில்லை. மாலையில் வீடு திரும்பலாம். ஒன்றிரண்டு நாள் வயிற்று வலியும் லேசான இரத்தக் கசிவும் இருக்கலாம். ஆனால் வயிறு நாளுக்கு நாள் உப்பிக்கொண்டு போனாலோ, வாந்தி நிற்காமல் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சினைப்பை ஊசிக்கு அளவுக்கு மீறித் தூண்டப்பட்டதன் அறிகுறி அது. நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். ‘வெள்ளிக்கிழமை போய்க்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடும் விஷயமன்று.

கிண்ணத்துக்குள் ஐந்து நாள்

சினைமுட்டை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதனருகே ஆயிரக்கணக்கான விந்தணுக்களை விட்டுவிட்டால் ஒன்று உள்ளே நுழையும். விந்தணு குறைவாயிருந்தால், ஒரே அணுவை நுண்ணூசியில் பிடித்து முட்டைக்குள் செலுத்துவார்கள். 1992இல் பெல்ஜியத்தில் வெற்றி பெற்ற முறை இது. மறுநாள் காலையில் கரு உண்டாயிற்றா என்பது தெரிந்துவிடும். மூன்றாம் நாள் எட்டு செல், ஐந்தாம் நாள் நூறு செல்லுக்கு மேல்.

இந்த இடத்தில்தான் தம்பதியர் பலர் நொறுங்கிப் போகிறார்கள். காரணம், எண்ணிக்கை படிக்குப் படி குறையும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. உதாரணத்திற்குப் பத்து முட்டை எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றில் முதிர்ந்தவை எட்டு இருக்கலாம். கருவானவை ஐந்து அல்லது ஆறு. ஐந்தாம் நாள் வரை வளர்ந்தவை இரண்டு அல்லது மூன்று. “பத்து இருந்ததே, மீதி என்னவாயிற்று? ஆய்வுக்கூடத்தில் ஏதும் தவறா? நான் ஏதும் தப்பாகச் சாப்பிட்டுவிட்டேனா?” என்று அவள் தவிப்பாள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளங்க வைப்பது எளிது. விளங்காமற் போவதும் அதே காரணத்தால்தான். பனியன் கம்பெனியில் நூறு பீஸ் வெட்டினால் நூறும் பாக்கிங்குக்குப் போவதில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் அங்கே செக்கிங்கில் ஒரு பீஸ் கழிந்தால், ஓவர்லாக் அடித்தவரா, பேட்லாக் அடித்தவரா, நிட்டிங்கில் விழுந்த ஓட்டையா என்று தேடிப் பிடித்துவிடலாம், கூலியிலும் பிடிப்பார்கள். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ‘யார் செய்த தப்பு?’ என்று தேடுகிறோம். பெரும்பாலும் இங்கே தப்பு செய்தவர் எவருமில்லை. நின்றுபோகும் கருக்களில் மிகப் பல, குரோமோசோம் கணக்குப் பிசகியவை. குன்றல் பகுப்பை வகுப்பில் படித்திருக்கிறோம். பெண்ணின் முட்டை அந்தப் பகுப்பை அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொடங்கி, பாதியில் நிறுத்தி, முப்பது நாற்பது ஆண்டு காத்திருந்து பிறகு முடிக்கிறது. காத்திருக்கும் காலம் நீள நீளக் கணக்குப் பிசகும் வாய்ப்பும் கூடுகிறது. இயற்கையாகக் கருத்தரிப்போரிடமும் இப்படி எத்தனையோ கருக்கள் சத்தமின்றி நின்றுபோகின்றன. அங்கே எண்ணிப் பார்க்க ஆளில்லை, அவ்வளவுதான்.

வயதுதான் எல்லாவற்றிலும் பெரிய கணக்கு. ஒவ்வொரு சிகிச்சையையும் அரசே பதிவு செய்யும் பிரிட்டனில், 35 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு வைத்த கருக்களிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான் குழந்தையாகிறது. 43, 44 வயதில் சுமார் இருபதில் ஒன்று. நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு என்று விளம்பரம் சொன்னால், எந்த வயதினருக்கு, ‘பாசிட்டிவ்’ வந்த கணக்கா, குழந்தை பிறந்த கணக்கா என்று கேட்டுப் பாருங்கள்.

கருவைக் கருப்பையில் வைப்பது சில நிமிட வேலை. மயக்க மருந்தும் வேண்டியதில்லை. மெல்லிய குழாய் ஒன்றின் வழியே வைப்பார்கள். மீதமுள்ள கருக்களைத் திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிரில் வைத்துக் காப்பார்கள். சில சமயம் எல்லாக் கருவையுமே உறைய வைத்துவிட்டு அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ வைப்பதும் உண்டு. அது தோல்வியன்று, உடம்பு தணியட்டும் என்பதற்காக. இரட்டைக் குழந்தை வேண்டுமென்று இரண்டு மூன்று கருவை வைக்கச் சொல்லி டாக்டரை வற்புறுத்துபவர்கள் இருக்கிறார்கள். இரட்டைக் கர்ப்பம் குறைமாதப் பிரசவத்திற்கு வழி என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

காத்திருக்கும் நாட்கள்

கரு வைத்தபின் இரத்தப் பரிசோதனைக்குப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். கேட்டுப் பார்த்தால், ஊசிகளைவிட இந்நாட்களே கொடுமை என்கிறார்கள். அசையாமல் படுத்திரு, படி ஏறாதே, இருமாதே, தலைக்குக் குளிக்காதே என்று ஆளாளுக்கு உத்தரவு போடுவார்கள். படுத்துக் கிடப்பதால் வெற்றி கூடுவதில்லை என்பதை ஆராய்ச்சிகள் காட்டிவிட்டன. கருப்பை ஒரு காலிக் குடமன்று. அதன் சுவர்கள் ஒன்றையொன்று ஒட்டியிருக்கின்றன. நடந்தால் கரு கீழே விழாது. பாரம் தூக்காமல் சாதாரணமாக நடமாடலாம்; உட்கார்ந்து செய்யும் வேலைக்கும் டாக்டர் அனுமதியுடன் போகலாம்.

குமட்டல், மார்பு வலி வந்தால் கர்ப்பம் என்றோ, வராவிட்டால் இல்லை என்றோ முடிவு கட்ட முடியாது. கொடுக்கும் புரோஜெஸ்டிரோன் மருந்தே அந்த அறிகுறிகளை உண்டாக்கும். கடையில் அட்டை வாங்கி அவசரப்பட்டுப் பார்ப்பதும் ஏமாற்றும். ‘பாசிட்டிவ்’ வந்த பிறகும் ஆறு, ஏழு வாரத்தில் ஸ்கேனில் இதயத் துடிப்பைப் பார்க்கும் வரை ஊரைக் கூட்ட வேண்டாம்.

கூலியும் கடனும் சட்டமும்

ஒரு சுற்றுக்குக் காலை ஸ்கேன்கள் நான்கைந்து, முட்டை எடுக்கும் நாள், ஓய்வு ஒரு நாள், கரு வைக்கும் நாள் என்று ஏறக்குறைய ஏழெட்டு நாள் வேலை கெடும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு வராத நாளுக்குச் சனிக்கிழமைக் கவரில் ஒன்றும் இல்லை. தனியார் மருத்துவமனையில் ஒரு சுற்றுக்கு ஒன்றரை இலட்சத்திலிருந்து இரண்டரை இலட்ச ரூபாய் வரை ஆவது சாதாரணம். சொல்லும் தொகையில் ஊசி மருந்து சேர்ந்ததா, உறைய வைக்கும் கட்டணம் தனியா, இரண்டாம் முறை கரு வைக்க என்ன ஆகும் என்பவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இருக்கும் நகையையெல்லாம் முதல் சுற்றுக்கே அடகு வைத்துவிட்டு, உறைய வைத்த கரு இருந்தும் அதை வைக்கப் பணமில்லாமல் நிற்பது பெருங்கொடுமை. ஆரம்பப் பரிசோதனைகளுக்கு 2022இல் திறக்கப்பட்ட நம் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரிக்கலாம். சென்னை எழும்பூர் அரசு தாய் சேய் நல மருத்துவமனையில் அரசே கருத்தரிப்பு மையம் அமைத்திருக்கிறது.

2021ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் இத்துறைக்கு வரம்பு கட்டியுள்ளது. பதிவு பெற்ற மையங்களே சிகிச்சை செய்யலாம்; பெண்ணுக்கு 21 முதல் 50 வயதும், ஆணுக்கு 21 முதல் 55 வயதும் எல்லை. ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுப்பது குற்றம். பிறர் முட்டை தேவைப்பட்டால், கொடுப்பவள் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம். இவ்வளவு கண்டிப்பு ஏன் என்பவர்கள், 2022இல் பக்கத்து ஈரோட்டில் வெளிவந்த செய்தியை நினைத்துக்கொள்ளட்டும். பதினாறு வயதுச் சிறுமிக்கு ஆதாரில் வயதைத் திருத்தி, மீண்டும் மீண்டும் முட்டை எடுத்து விற்றிருந்தார்கள். அவளுடைய தாயே அதற்கு உடந்தை. புரோக்கர்கள் தேடுவது வறுமையைத்தான். நம் மில்களிலும் கம்பெனிகளிலும் அது நிறைய இருக்கிறது.

முதல் சுற்றில் பலிக்காமற் போனால் பரிசோதனை முடிவு தெரிந்து மருந்தை நிறுத்திய சில நாளில் மாதவிலக்கு வரும். சற்று அதிகமாகவே இருக்கலாம். அடுத்த முயற்சிக்கு ஒன்றிரண்டு மாதம் இடைவெளி விடச் சொல்வார்கள். அந்த இடைவெளியில் கேட்டு வாங்க வேண்டியது ஒரு காகிதம்: என்ன ஊசி எத்தனை நாள் போட்டார்கள், எத்தனை முட்டை கிடைத்தது, எத்தனை முதிர்ந்தது, எத்தனை கருவானது, எத்தனை வைத்தார்கள், எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எழுதிய காகிதம். வேறு மருத்துவமனைக்குப் போனாலும் அங்குள்ள டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.